மின்சிகரெட் பயனீட்டாளர் கழகத்தின் முதல் மகஜர்

மனித குலம் உரிமைக்காக எழுந்து நின்ற இடங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் புக்கிட் பெருவாங் கடைவரிசையின் மேல்மாடியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். இது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். மாநில மின்சிகரெட் பயனீட்டாளர் உரிமைக் கழகத்தின் அவசரக் கூட்டம் அங்கேதான் நடந்தது. வந்திருந்தவர்களும் அவர்கள் அமர்ந்த இடங்களும் வருமாறு:

வெள்ளைப் பலகைக்கு முன்னால், ஆசிரியருக்கான சுழல் நாற்காலியில், தலைவர் சிவசாமி. முன்பு லாரி வைத்திருந்தவர், இப்போது கருத்து வைத்திருப்பவர். அவருக்கு வலப்பக்கம், குளிர்காற்று நேராக விழும் இடத்தில், ஆலோசகர் ஹரிதாஸ். புக்கிட் பெருவாங், பாயா ரும்புட், தங்கா பத்து என்று மூன்று ஊர்களில் வேப் எனும் மின்சிகரெட்டுக்குக் கடை நடத்தும் தியாகி. சன்னலோரம் துணைத்தலைவர் லியோனல். ஜாசின் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆபீஸ் கிராணி, அதாவது எழுத்தர். மற்ற உறுப்பினர்கள் குட்டிக் குட்டி நாற்காலிகளில், முழங்கால் காதைத் தொட. அந்த மேல்மாடி வார நாட்களில் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளின் டியூஷன் நிலையம். கீழே இருப்பது ஆலோசகரின் கடை. இரண்டுக்கும் ஒரே வாசல்.

மூலையில், பெருக்கல் வாய்ப்பாட்டுக்குக் கீழே, பேனாவும் கையுமாகச் செயலாளர் மங்களம். முதல் வரிசை நடுவில் அவருடைய ஒரே மகன் சுரேன், இருபது வயது. அவனுக்கும் ஒரு பதவி தந்திருந்தார்கள்: கழகத்தின் 'மாதிரிப் பயனீட்டாளர்'.

மங்களம் எதையும் ஊதியவர் அல்லர். தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அந்த வட்டாரத்தில் அரசாங்கத்துக்கு ஒன்று எழுதவேண்டும் என்றால் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். அவர் எழுதி, அடைத்த கால்வாய் ஓடியிருக்கிறது; நிற்காத பஸ் நின்றிருக்கிறது. ரகசியம் ஒன்றுமில்லை. அலோர் காஜாவில் அவருக்குப் பாடம் சொன்ன வாத்தியார், "கட்டுரைக்குக் கற்பனை அழகு, கடிதத்துக்குக் குற்றம்" என்பார். மங்களம் அதைப் பிடித்துக்கொண்டார். கேட்டதைக் கேட்டபடி எழுதுவார், பேசியவர் பெயரோடு.

வீட்டில் ஒரு விவகாரமும் இருந்தது. சுரேனுக்குத் தீயணைப்புப் படையில் சேர ஆசை. போன தடவை தேர்வு ஓட்டத்தில் பாதித் திடலிலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டான். இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, அதோடு சரி.

"அந்த வேப்ப விட்டுர்றா ஐயா," என்று மங்களம் கெஞ்சிப் பார்த்தார்.

"கடைக்குக் கடை தொங்குதும்மா, எப்படி விடுறது? கவர்மெண்டு தடை போடட்டும், அன்னிக்கே விட்டுர்றேன். சத்தியமா."

அந்தத் தடைதான் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அதைத் தடுக்கத்தான் அரசாங்கத்துக்கு இந்த மகஜர், கோரிக்கை மனு. எழுதித் தரச்சொல்லித் தலைவர் வந்து நின்றது மங்களத்திடம். அவர் மறுத்திருக்கலாம். மறுத்தால் லியோனல் எழுதுவார். லியோனலுக்குக் கற்பனை அதிகம்.

கூட்டத்தில் தமிழ் வாழ்த்து முடிந்தது. தலைவர் எழுந்தார்.

"பக்கத்து மாநிலத்துல மூடப்பட்ட கடைகளுக்காக எல்லாரும் எந்திரிச்சு ஒரு நிமிசம் மௌனமா நிப்போம்."

உறுப்பினர்கள் எழுந்தார்கள். சிலரோடு நாற்காலிகளும் எழுந்தன. முதலில் லியோனல் இருமினார். மூன்றாவது வரிசை அதற்குப் பதில் சொன்னது. பின்வரிசை வழிமொழிந்தது. "உஷ்" என்று அதட்டப் போன தலைவருக்கே இருமல் பிடித்துக்கொண்டது. சுரேன் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டுக்குப் போனான். கடைசிவரை மௌனம் காத்தவர்கள் இருவர்: செயலாளரும் ஆலோசகரும்.

"மௌனம் முடிஞ்சிருச்சு, உக்காருங்க," என்றார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எப்பண்ணே ஆரம்பிச்சிச்சு?" என்று கேட்டார் மங்களம். குறிப்புக்காகத்தான்.

அடுத்து, உறுப்பினர்களின் நியாயங்கள். தலைவரே தொடங்கினார்.

"நான் சிகரெட்ட விட்டதே வேப்பாலதான்."

"விட்டுட்டீங்களாண்ணே?"

"பாதி விட்டாச்சும்மா. காலையில சிகரெட், மத்தியானம் வேப். ராத்திரி மட்டும் ரெண்டும்."

பலத்த கைதட்டல். லியோனல் சுகாதாரத் துறையின் கவனத்துக்கு ஒரு கண்டுபிடிப்பை வைத்தார்.

"எங்க தோட்டத்துல டிங்கிக் காய்ச்சலே இல்லக்கா. நான் ஊதுனா கொசு வீட்டுப் பக்கமே வராது. எங்க வீட்டுக்காரி கிளாரிசாவும்தான் வர்றதில்ல, புகை ஒத்துக்கலன்னு அவங்க அம்மா வீட்டுல இருக்கா. நீங்க கொசுவ மட்டும் எழுதுங்க."

"பேசுனத எல்லாம் எழுதுறதுதான் தம்பி என் வழக்கம்."

"சரிலா, எழுதிக்கிங்க. எல்லாத்தையும் உக்காந்து படிக்கவா போறாங்க?"

மங்களம் எழுதிக்கொண்டார். ஆலோசகர் எழுந்தபோது அறையில் பயபக்தி நிலவியது.

"இத முக்கியமா போடுங்கக்கா. நம்ம கடைகள்ல ஸ்கூல் பிள்ளைங்களுக்கு விக்கிறதே கெடையாது. கண்ணாடிக் கதவுல போர்டே மாட்டிருக்கோம்."

"கதவுக்குப் பக்கத்துல ஒரு தட்டு அடிச்சு வெச்சிருக்கே தம்பி, அது எதுக்கு?"

"அதுவா? ஸ்கூல் பேக் வைக்கிறதுக்கு. தோள்ல மாட்டிக்கிட்டே உள்ள வந்தா அலமாரியில இடிக்குதுலா. கண்ணாடி ஒடஞ்சா யாரு பாக்குறது?"

"பொறுப்பான வணிகம்!" என்றார் தலைவர். மங்களம் அதையும் எழுதினார்.

"அப்புறம் இந்த வாசனைங்க. ரோஸ் பண்டோங், சென்டோல், பஞ்சு மிட்டாய். எல்லாம் பெரியவங்களுக்காகவே வரவழைச்சது."

"பெரியவங்க பஞ்சு மிட்டாய் கேக்குறாங்களா?"

"மனசளவுல எல்லாரும் கொழந்தைங்கதானக்கா."

"நீங்க எது தம்பி ஊதுறீங்க?"

"நானா? ஐயோ, எனக்கு வீசிங் இருக்குக்கா. புகைப் பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"உங்க மவன்?"

"நிவேந்திரனா? கோலாலம்பூர்ல காலேஜ் படிக்கிறான். அதத் தொட்டான்னா கைய ஒடிச்சிருவேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அறை அடங்கிப் போயிற்று. அன்று கழகத்துக்கு வாய்த்த ஒரே மௌனம் அதுதான்.

தலைவர் நிலைமையைக் காப்பாற்றினார். "இதுதாங்க ஜனநாயகம்! ஆலோசகரு வேணாம்ங்கிற உரிமையப் பயன்படுத்துறாரு. நாம வேணும்ங்கிற உரிமையப் பயன்படுத்துறோம்!" மறுபடி கைதட்டல். ஆலோசகரும் தட்டினார்.

கடைசியாக சுரேனைப் பலகைக்கு முன் நிறுத்தினார்கள். அவன் தோளில் கை போட்டுக்கொண்டு ஹரிதாஸ் முழங்கினார்.

"இந்தத் தம்பியப் பாருங்க. நம்ம கடைக்கு நாலு வருச வாடிக்கை. பொம்பாவுல சேரப்போறாரு. நெருப்புக்குள்ள பூந்து சனங்கள காப்பாத்தப்போற நுரையீரல் இது!"

மங்களத்தின் பேனா நின்றது. ஒரு வருசப் பழக்கம் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தான். இருபதில் நாலு போனால் பதினாறு. மேலே வாய்ப்பாட்டைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. பதினாறில் அவன் தோளில் ஒரு நீலப் பை இருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் போத்தல் வைக்கிற மாதிரி, அவரே கடை ஏறி இறங்கி வாங்கியது. அந்தப் பையும் அந்தத் தட்டில் ஏறி இறங்கியிருக்கிறது. சுரேன் அம்மா பக்கம் பார்க்கவில்லை.

"எத்தன வருசம்னு சொன்னீங்க தம்பி?" என்றார் மங்களம்.

"நாலுக்கா. நல்லாப் போடுங்க."

மங்களம் நல்லாப் போட்டார்.

கூட்டம் ஒரே ஒரு தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியது: வேப்பின் தீங்கற்ற தன்மையை உலகுக்கு உணர்த்தும் பொருட்டு, மகஜரை மாதிரிப் பயனீட்டாளரே ஓடிச்சென்று தபாலில் சேர்ப்பார்.

அன்றைக்கே மங்களம் உட்கார்ந்து மலாயில் எழுதி முடித்தார். மௌனம் தொடங்காதது முதல் வீட்டுப் பக்கம் வராத கொசு வரை, தட்டு முதல் கை ஒடிப்பு வரை, எல்லாம் அதனதன் இடத்தில், உரியவர் பெயரோடு. கண்டனம் இல்லை, ஏளனம் இல்லை. "மேற்கண்ட நியாயங்களைச் சீர்தூக்கித் தக்க முடிவெடுக்கும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று முடித்தார். உறையை ஒட்டவில்லை. பெரியவர்கள் படித்துப் பார்க்க விரும்பலாம் அல்லவா?

மறுநாள் ஒவ்வொருவராய்த் தேடிப் போனார். தலைவர் கோப்பிக் கடையில் கையெழுத்துப் போட்டார். "படிச்சுப் பாருங்கண்ணே." "ஒன் எழுத்து அச்சு மாதிரில்லம்மா, இதப் போய்ப் படிப்பாங்களா?" லியோனல் மோட்டார் சைக்கிள் இருக்கையில் வைத்துப் போட்டார். ஹரிதாஸ் கல்லாவில் நின்றபடியே போட்டார். பின்னால் தட்டில் மூன்று பைகள் இருந்தன. "இந்த வெள்ளிக்கிழமை கவர்மெண்டுல தடையப் பத்திப் பேசுறாங்களாம். இன்னிக்கே போயிரணும்க்கா," என்று மட்டும் அவசரப்படுத்தினார்.

தபால் நிலையம் மூடப்போகும் நேரம். சுரேன் காரைக் கடைவரிசையின் இந்தக் கோடியில்தான் நிறுத்த முடிந்தது. தபால் நிலையம் அந்தக் கோடியில்.

"குடும்மா, தீர்மானப்படி நானே ஓடிக் குடுத்துட்டு வந்துர்றேன்," என்று உறையைப் பிடுங்கிக்கொண்டு கடைகளின் முன்னால் நீளும் அஞ்சடி நடைபாதையில் ஓடினான். முடிவெட்டும் கடை தாண்டினான். மளிகைக் கடை தாண்டினான். டயர் கடை வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். நிமிரவில்லை.

மங்களம் வந்து சேர்ந்தார். முதுகைத் தடவினார். உறையை அவன் விரல்களிலிருந்து எடுத்தார். பிறகு, ஐம்பத்தெட்டு வயதில், சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

கதவைப் பாதி இழுத்துவிட்ட ஊழியர் நின்றார். "செபாட், மாச்சிக், செபாட்!" என்று மலாயில் அவசரப்படுத்தினார்.

"ஒரு நிமிசம்," என்றார் மங்களம். கடிதத்தை வெளியே எடுத்து, தலைவரின் கையெழுத்துக்குக் கீழே, கூட்டாமல் குறைக்காமல் எழுதினார்: "பி.கு.: இம்மகஜரை எங்கள் மாதிரிப் பயனீட்டாளர், வயது இருபது, ஓடிவந்து சேர்ப்பார் என்பது தீர்மானம். டயர் கடை வரை வந்தார். மீதித் தூரம் அவர் தாயார் கொண்டுவந்தார்."

உறையை ஒட்டி, கட்டைவிரலால் இருமுறை அழுத்தித் தேய்த்து, நீட்டினார். முத்திரை விழுந்தபோதுதான் சுரேன் சுவரைப் பிடித்தபடி வந்து சேர்ந்தான்.

"என்னம்மா... எழுதுன?"

"நீங்கள்லாம் பேசுனதத்தான்யா. நான் ஒரு வார்த்த சேக்கல."