கரடிக்கு ஒரு தோல்வி வேண்டியிருந்தது

கையுறை மாட்டிக் குத்துச்சண்டை போட்டுப் பிழைக்கும் மிருகங்கள் நிறைந்த ஒரு காட்டில், வீரபாகு என்ற காட்டுப்பன்றி இருந்தது. சாம்பியன் சடையாண்டிக் கரடியோடு மோதி, முதல் ரவுண்டிலேயே சுருண்டு விழுந்தது. புதருக்குப் பின்னால் போய் அழுதது.

பயிற்சி கொடுக்கும் கீரி செல்லாயி அதன் மூக்கில் ஐஸ் கட்டியை வைத்து, "அழுது முடிச்சிட்டா, எப்படி அடி வாங்கினேன்னு சொல்லு" என்றது.

"பயத்துல கண்ணை மூடிட்டேன்க்கா."

"அடுத்த தடவை கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு அடி வாங்கு."

அப்படியே வாங்கியது. மறுபடியும் தோற்றது. ஆனால் கடைசி ரவுண்டுவரை நின்றது. திறந்த கண்ணால் ஒன்றைப் பார்த்தும்விட்டது: கரடி வலது கையை ஓங்கும்போதெல்லாம் அதன் இடது கை தாடையை விட்டு இறங்கிவிடுகிறது.

வீங்கிய முகத்தோடு சிரித்த பன்றியைக் காடே செல்போனில் படம் பிடித்தது. கூட்டங்களுக்கு அழைப்பு குவிந்தது. விழுந்து எழுந்த கதையை வீரபாகு சொல்லச் சொல்ல, முயல்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டன. மான்கள் வரிசையில் நின்று செல்ஃபி எடுத்தன.

ஜெயித்த கரடியை ஒரே ஒரு பள்ளிக்கூடம் கூப்பிட்டது. "குத்தினேன், விழுந்தாங்க" என்று சொல்லிவிட்டு அது உட்கார்ந்துவிட்டது.

கடைசியில் அது வீரபாகுவையே தேடி வந்தது.

"தம்பி, எனக்கு வாழ்க்கையில ஒரு தோல்விகூட இல்லப்பா. பேச விஷயமே இல்ல. இன்னொரு தடவை மோதலாமா?"

"வேணும்னே தோத்துடுவீங்களா அண்ணே?"

"சேச்சே. நிஜமாத் தோத்தாத்தானே அழுகை வரும். நான் முழு பலத்தோட அடிப்பேன். நீதான் பார்த்துச் செய்யணும்."

"ஜெயிச்சிட்டா உன் பேச்சை எவன் கேப்பான்? யோசிச்சுக்கோ" என்றது செல்லாயி.

வீரபாகு யோசித்துக்கொண்டேதான் மேடை ஏறியது. கரடியின் வலது கை ஓங்கியது. இடது கை இறங்கியது. பேச்சு, கைதட்டல், செல்ஃபி எல்லாம் மறந்துபோய், தாடையில் ஓங்கி ஒன்று விட்டது. கரடி மல்லாந்து விழுந்தது.

மறுநாள் வீரபாகு சாம்பியன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வீட்டில் காத்திருந்தது. ஒருவரும் வரவில்லை. காடு முழுக்கச் சடையாண்டியின் பேச்சைக் கேட்கப் போயிருந்தது. சரி என்று அதுவும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தது.

"அப்படி ஒரு குத்தை நான் வாங்கினதே இல்ல" என்று மேடையில் கரடி விம்மியது. கூட்டமே அழுதது. வீரபாகு மட்டும் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தது.

பக்கத்து முயல் முறைத்தது. "ஒருத்தர் கஷ்டத்தைச் சொல்றாரு. உனக்குச் சிரிப்பா இருக்கா?"

நீதி: தோல்வியிலிருந்து கட்டாயம் பாடம் கற்றுக்கொள்ளுங்கள். தப்பித்தவறி ஜெயித்துவிட்டால், வெளியே தெரியாமல் சிரிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.