ராஜாவுக்குப் பன்னிரண்டு குதிகால்

மரக்காணம் கடற்கரையில் நண்டுக்கும் நாரைக்கும் அடுத்தபடியாக அதிகம் தென்படும் உயிரினம், வம்சப் பெருமைக்காரர். ஆதிமூலம் அந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. உடைந்த பானை ஓடு ஒன்று கையில் கிடைத்தால் போதும். முதலில் அதற்கு ஆயிரம் வயது, டீ வருவதற்குள் மூவாயிரம், வடை தீர்வதற்குள் ஒரு ராஜா, அவருக்கு யானைப் படை. அந்த ராஜா யாருடைய மூதாதை? கேட்கவே வேண்டாம்.

உப்பளத்து மேட்டில் அகழாய்வுக் குழி தோண்டியபோது இறுகிய களிமண் தரை ஒன்று தெரிந்தது. அன்று நடந்த பேச்சு, அங்கே வைக்கப்போகும் பலகைக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசகம் எழுத வந்திருந்த அருள்மொழிக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

“எங்க ராஜாவோட கொலுமண்டபம்,” என்றார் ஆதிமூலம், செருப்பைக் கழற்றிவிட்டு.

குழியில் மண் சுமந்துகொண்டிருந்த உப்பளத் தொழிலாளி மங்கம்மா குனிந்து பார்த்தாள். “இது மிதிச்ச பாத்திங்க. தண்ணி விடறதுக்கு முன்னாடி தரை இறுகணும்னு நாங்க வரிசையா நின்னு மிதிக்கிறோமே, அதேதான். தோ, குதிகால் தடம்.”

“ஏம்மா, ராஜாவுக்குக் குதிகால் இருக்காதா?”

“இருக்கும். பன்னெண்டா இருக்கும்?”

“நாட்டியம் ஆடியிருப்பாங்க.”

அகழாய்வு அதிகாரி மண்ணைச் சுரண்டிப் பார்த்தார். “உப்புப் பாத்திதான். ரொம்பப் பழசு.”

மங்கம்மா ஒரு தடத்தின் பக்கத்தில் தன் காலை வைத்து அளவு பார்த்தாள். “அப்ப போர்டுல எங்களைப் போடுவீங்களா? இதுவரைக்கும் எங்களுக்குன்னு இங்க எழுதி வெச்சது, ‘வேலையாட்கள் இந்த வழியா வரக்கூடாது’ன்னு ஒண்ணுதான்.”

ஆதிமூலம் கழற்றிவிட்ட செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பாவம், என்ன செய்வார்? துண்டறிக்கை அச்சாகி, அதில் ராஜாவுக்கு மீசை வைத்து, மீசைக்குத் தன் சாயலையும் வைத்து, திறப்பு விழாவுக்கு மாலை வரை சொல்லிவைத்த மனிதரிடம் வந்து, இங்கே இருந்தவர்கள் உப்பு வாரினார்கள் என்றால்?

பலகை இப்போது நிற்கிறது. இரண்டு மொழியிலும் உப்புத் தொழிலாளர்கள்தான். மங்கம்மா வருகிறவர்களை நிறுத்தி இரண்டையும் வாசிக்கச் சொல்கிறாள். ஆதிமூலமும் தளர்ந்துவிடவில்லை, அவருடைய மூதாதை இப்போது அந்த ராஜாவின் உப்புத் துறை மந்திரி.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் வீட்டுக் கதையில் தளபதிகள் எத்தனை பேர், களிமண் மிதித்தவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிவிட்டுச் சிரியுங்கள்.

பலகைக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முந்தின நாள் ஆதிமூலம் அருள்மொழியை ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டது இதுதான்:

“தமிழ்ல உப்புன்னே போட்டுக்கம்மா, நான் தடுக்கல. இங்கிலீஷ்ல மட்டும் மண்டபம்னு இருக்கட்டும். மங்கம்மா இங்கிலீஷ் படிக்கப்போறதில்ல, வெளிநாட்டுக்காரன் தமிழ் படிக்கப்போறதில்ல. யார் மனசும் நோகாது பாரு.”