அப்பாவின் பெயருக்குப் பதினைந்து நாள் பத்தியம்

நான் கோபக்காரன் இல்லை. முல்லைத்தீவுக் கரையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கொலின்ஸ் தங்கமான மனுசன் என்றுதான் சொல்வார்கள். இதை எழுதும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான். அந்தக் காரணம் இப்போது குசினியில் நின்று நண்டு உடைத்துக்கொண்டிருக்கிறது. பெயர் யூலியானா. அவள் எனக்கு மனைவி. நான் அவளுக்கு என்ன என்பது பதினெட்டு வருடமாகியும் எனக்குத் தெளிவாகவில்லை.

சண்டை வள்ளத்தின் பெயரால் வந்தது. ஓட்டை வள்ளம் ஒன்றோடு பத்து வருடம் மாரடித்துவிட்டு இந்த வருடம்தான் புதிதாக ஒன்று எடுத்தோம். வெள்ளை வெளேரென்று, ஒரு எழுத்துக்கூட இல்லாமல் கரையில் கிடந்தது. எங்கள் பக்கத்தில் பெயரில்லாத வள்ளத்தைக் கடலில் இறக்குவதில்லை. பாதர் வந்து பெயரைக் கூப்பிட்டு, தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகுதான் தண்ணீரில் தள்ளுவோம்.

நான் ‘யோசெப்’ என்றேன். அது என் அப்பா. அவள் ‘புனிதம்’ என்றாள். அது அவளுடைய அம்மா. இரண்டு பேரும் யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வில் செத்துப்போனவர்கள். எந்த இடத்தில் புதைத்தோம் என்று காட்ட ஒரு தடிகூட நட்டுவிட்டு வர முடியவில்லை. மரித்தோர் நாளில் ஊரே கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும்போது நான் யாரோ ஒருவருடைய கல்லறை ஓரத்தில் கொளுத்திவிட்டுக் களவெடுத்தவன் போலத் திரும்பி வருவேன். யூலியானா அந்தப் பக்கமே வருவதில்லை. அப்பாவின் பெயர் இந்த உலகத்தில் ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. இதே கதைதான் அவளுக்கும் என்பதை நான் யோசித்தேனா என்று கேட்காதீர்கள். யோசிக்கவில்லை. நான் கோபத்தில் இருந்தேன்.

நாலு மாதம் சண்டை பிடித்தோம். கடைசியில் பாதரிடம் போனோம். அவரும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் களைத்துப் போனார்.

“மந்திரிக்கிற அண்டைக்கு ரெண்டு பேரும் ஊருக்கு முன்னாலை நியாயத்தைச் சொல்லுங்கோ. எந்தப் பெயருக்கு இடம் தேவையோ அந்தப் பெயரைக் கூப்பிடுறன். அதுக்குப் பிறகு ஆரும் வாய் திறக்கக்கூடாது” என்றார்.

மந்திரிக்க இன்னும் மூன்று கிழமை இருந்தது. அப்போதுதான் என் மண்டைக்குள் அந்த மகா திட்டம் உதித்தது. வாயால் சொல்கிற நியாயத்தை அவள் வாயாலேயே வென்றுவிடுவாள். அதனால் நான் என் நியாயத்தை உடம்பில் எழுதிக்கொண்டு போவது என்று தீர்மானித்தேன். அப்பனின் பெயரைச் சதையில் குத்தியிருக்கிற மகனுக்கு எந்தப் பாதர் இல்லை என்று சொல்வார்?

வலை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் வவுனியாவுக்குப் போனேன். பச்சை குத்துகிற கடையில் கழுத்து நிறையப் பாம்பு வரைந்த ஒரு பெடியன் இருந்தான். வலது கையில், முழங்கைக்குக் கீழே, பத்தடி தள்ளி நின்றாலும் வாசிக்கக்கூடிய மாதிரி ‘யோசெப்’ என்று குத்தச் சொன்னேன். நண்டு கவ்வித் தொங்கிய கை இது, ஊசிக்கெல்லாம் அழமாட்டேன் என்று நினைத்தேன். அழுதேன்.

முடிந்ததும் ஒரு கடதாசியைத் தந்தான். பதினைந்து நாளைக்கு வெயில் படக்கூடாது. உப்புத்தண்ணீர் படக்கூடாது. காலையும் மாலையும் சோப் போட்டுக் கழுவி, ஒத்தி எடுத்து, மெல்லிசாகக் களிம்பு பூசவேண்டும். பொருக்கு விழும், கடிக்கும், ஆனால் சொறியக்கூடாது. நான் கடற்தொழில் செய்கிறவன் என்று அவனுக்குச் சொன்னேன். அப்படியென்றால் கடலுக்குப் போகாதேங்கோ அண்ணை என்றான், தேத்தண்ணி குடிக்காதேங்கோ என்பது போல. எனக்கு வந்த கோபத்தைக் கையில் இருந்த எரிச்சல் விழுங்கிவிட்டது. பஸ் ஓமந்தையைத் தாண்டும்போது கை அடுப்புக்குள் வைத்த மாதிரி எரிந்தது.

வீட்டில் யுத்தம் நடக்கும் என்று எதிர்பார்த்துத்தான் படலையைத் திறந்தேன். யூலியானா என் கையைப் பிடித்து அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தாள். பிறகு கடதாசியை இரண்டு தரம் வாசித்து, அலுமாரிக் கதவில் ஒட்டினாள்.

“நோகுதோ?”

“இல்லை.”

“அப்ப ஏன் கண் சிவந்து கிடக்கு?”

“பஸ்ஸிலை தூசி.”

“சரி. இனிப் பதினைஞ்சு நாளைக்கு இந்தக் கை என்ரை பொறுப்பு. எழுத்து வடிவா வரவேணும்.”

அவ்வளவுதான். ஒரு திட்டு இல்லை, ஒரு முறைப்பு இல்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். மனதுக்குள் வள்ளத்துக்குச் சிவப்புப் பெயின்ரில் ‘யோசெப்’ என்று எழுதிக்கூட முடித்துவிட்டேன்.

அடுத்தநாள் மத்தியானம்தான் அந்தக் கடதாசியில் இல்லாத சட்டமெல்லாம் தெரியவந்தது. நான் குத்தியது பச்சை. அவளுக்கு அது புண். ஊசி ஏறினால் புண், புண் என்றால் பத்தியம். நண்டு கிரந்தி, இறால் கிரந்தி, கணவாய் கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி. கிரந்திச் சாமான் தின்றால் புண் கிளம்பி எழுத்து வீங்குமாம். நண்டு கொழுத்துக் கிடந்த மாதம் அது. எனக்குக் கிடைத்தது மிளகும் சீரகமும் வேர்க்கொம்பும் உள்ளியும் அரைத்த சரக்குக் கறி. மகள் பிறந்தபோது யூலியானாவுக்குக் கொடுத்த அதே கறி. பக்கத்து வீட்டுப் பிரேமிளா உள்ளி கொண்டுவந்து தந்துவிட்டு, என்ன பிள்ளை, ஆம்பிளையோ பொம்பிளையோ என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

என் பழைய வள்ளத்தை யூலியானா தன் தம்பி றொசானிடம் கொடுத்துவிட்டாள், ‘பாவம், அத்தானுக்கு ஏலாது’ என்று சொல்லி. அவன் தினமும் ஒரு கோர்வை நண்டை எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போவான். அவளும் மகளும் என் முன்னால் இருந்து உறிஞ்சி உறிஞ்சித் தின்பார்கள். கரைக்குப் போவதென்றால் முழுக்கைச் சேட்டும் குடையும். அந்தக் குடையில் ரோசாப்பூ. இருபத்தைந்து வருடம் வெயிலில் காய்ந்தவன் பூக்குடை பிடித்துக்கொண்டு வலை பார்க்கப் போனால் கரை சும்மா இருக்குமா? பார்க்காமல் திரும்பி வந்தேன்.

ஏழாம் நாள் பொருக்குக் கழலத் தொடங்கியது. கடி என்றால் அப்படி ஒரு கடி. ஒரு விரலைக் கிட்டக் கொண்டுபோனாலே எங்கிருந்தோ வந்து கையில் அடித்தாள். மத்தியான நித்திரையில் என்னை அறியாமல் சொறிந்துவிடுவேன் என்று என் இடது கைக்கு மகளின் பள்ளிக்கூடச் சொக்ஸைப் போட்டுக் கட்டினாள். ஒரு குடும்பத் தலைவனுக்கு நடந்த கொடுமையைப் பாருங்கள்.

ஒன்பதாம் நாள் காலை எனக்குப் பொறுமை போய்விட்டது. சொக்ஸைக் கழற்றி எறிந்தேன். சவள் துடுப்பைத் தூக்கித் தோளில் வைத்தேன்.

“போதும். நான் கடலுக்குப் போறன்.”

அவள் படலையில் நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

“உப்புத்தண்ணி பட்டால் எழுத்து மங்கிப்போகும்.”

“மங்கினால் மங்கட்டும்.”

“மாமாவின்ரை பெயர். மங்கட்டும் எண்டு சொல்ல உங்களுக்கு எப்பிடி மனம் வருது?”

சவளை இறக்கி வைத்தேன். வெட்கமாக இருந்தது. அப்பாவுக்காக என்னைவிட அவள் கவலைப்படுகிறாளே என்று ஒரு நிமிடம் கண்கூடக் கலங்கியது. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கோபம் வருகிறது.

பதினைந்தாம் நாள் எழுத்து கன்னங்கரேலென்று மினுங்கியது. மந்திரிக்கிற அன்று அவளே என் வெள்ளைச் சேட்டை அயன் பண்ணித் தந்தாள். கரையில் ஊரே கூடி நின்றது. பாதர் தீர்த்தச் செம்போடு வந்து, முதலில் கொலின்ஸ் சொல்லட்டும் என்றார்.

நான் தொண்டையைச் செருமினேன். “பாதர், எங்கடை அப்பாவுக்குக் கல்லறை இல்லை. அவரின்ரை பெயரை எழுதி வைக்க எனக்கு ஒரு இடமும் இல்லை.” இந்த இடத்தில் சேட்டுக் கையை மடித்துக் காட்டுவதுதான் திட்டம். என் கை போவதற்கு முன் யூலியானாவின் கை வந்துவிட்டது. பொத்தானைக் கழற்றி, இரண்டு மடிப்பு மடித்து, என் கையைத் தூக்கிப் பாதருக்கு நேரே நீட்டினாள்.

“வாசியுங்கோ பாதர்.”

பாதர் கண்ணாடியைச் சரிசெய்தார். “யோசெப்.”

“ஒரு எழுத்தும் பிசகேல்லை. பதினைஞ்சு நாளும் நான்தான் பாத்தனான். இனி இது மழைக்கும் அழியாது, உப்புக்கும் அழியாது. மாமாவுக்கு இடம் கிடைச்சிட்டுது. எங்கடை அம்மாவுக்குத்தான் இன்னும் இல்லை.”

‘அம்மா’ என்ற இடத்தில் அவளுடைய குரல் உடைந்தது. அது நடிப்பில்லை, எனக்குத் தெரியும். அவள் கல்லறைப் பக்கமே வராததற்கும் அதுதான் காரணமென்று அப்போதுதான் விளங்கியது. வெறுங்கையோடு வந்திருந்தால் என் வழக்கு நின்றிருக்கும். வவுனியாவரை போய், அழுது, பட்டினி கிடந்து, அவளுடைய சாட்சியை நானே என் கையில் குத்திக்கொண்டு வந்திருக்கிறேன். அது கெட்டுப்போகாமல் அவள் காவல் காத்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வள்ளத்தைத் தனியே தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

பாதர் “புனிதம்” என்று கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்தார். ஊர் கைதட்டியது. நானும் தட்டினேன், வேறு என்ன செய்வது.

திங்கட்கிழமை புது வள்ளத்தின் முதல் தொழில். யூலியானா போனில் பேசி ஒழுங்கு செய்த ஆண்டியப்பன் என்ற புது ஆள் நாயாற்றிலிருந்து விடியவே வந்து வள்ளத்தில் ஏறி நின்றான். என்னை அவன் முன்பின் கண்டதில்லை. நான் சேட்டுக் கையை மடித்துவிட்டு, வள்ளத்தைத் தள்ளக் கை வைத்தேன். அவன் என் கையை வாசித்தான். எட்டிக் குனிந்து வள்ளத்தில் இருந்த பெயரையும் வாசித்தான். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னான்:

“அண்ணை, நீங்கள் வள்ளம் மாறி வந்திட்டியள் போலை. இது புனிதம்.”