ஆகாசம் அடித்த மோசமான பந்து

நீலகிரி மலை முழுவதும் தேடினாலும் ஆகாசத்தைப் போல அடிக்கடி சாக்கடையில் விழுந்த மனிதர் கிடைக்க மாட்டார். குடித்துவிட்டு விழுந்தவர் அல்ல, அண்ணாந்து பார்த்தபடியே நடந்து விழுந்தவர். கையில் எது கிடைத்தாலும் மேலே தூக்கிப் போட்டுப் பார்ப்பார். அது வெங்காயமாகவும் இருக்கலாம், நான் ஆசையாக அவிப்பதற்கு எடுத்து வைத்த முட்டையாகவும் இருக்கலாம். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

சிலோன் தோட்டங்களிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் நான் ஆபீஸ் கிளார்க். ஆகாசம் கண்டிப் பக்கத்திலிருந்து வந்து ஃபேக்டரியில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தவர். எனக்கு ஒதுக்கியிருந்த ஒற்றை அறையில், என் தலைவிதி, அவரையும் கொண்டுவந்து போட்டார்கள். சிலோனில் இருந்தபோதே ஸ்டாஃப் கிளப்பில் டென்னிஸ் ஆடிப் பழகியவர். அவருக்கு டென்னிஸ் என்றால் சர்வீஸ். சர்வீஸ் என்றால், அடிப்பதற்கு முன் பந்தை மேலே போடுவது. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

“பந்த எறியக் கூடாதுங்க. மேல ஒரு தட்டு இருக்கு, அதுல வைக்கிற மாதிரி கைய நீட்டி விடணும். தலைக்கு மேல போட்டா கை மட்டுந்தான் அடிக்கும். ஒரு அடி முன்னுக்கு, வலது தோளுக்கு நேரா போட்டுப் பாருங்க, உடம்பே எட்டிப் போயி அடிக்கும்” என்பார்.

“செரிங்க, அந்த முட்டைய மட்டும் கீழ வெச்சுப்போட்டுச் சொல்லுங்க” என்பேன் நான்.

பந்து அவர் நினைத்த இடத்துக்குப் போகவில்லை என்றால் அடிக்கவே மாட்டார். பிடித்துவிட்டு மறுபடி போடுவார். ஆட்ட விதியில் அதற்கு இடம் உண்டு என்பதால் யாரும் வாயைத் திறக்க முடியாது. எதிரில் நிற்பவர் குனிவார், நிமிர்வார், மூக்கைச் சிந்துவார், மறுபடி குனிவார். ஆனால் ஒன்று சரியாகப் போய்விட்டால், பந்து போன சத்தம்தான் கேட்கும். பந்தைப் பார்த்தவர் கிடையாது.

ஒருமுறை மாரியம்மன் திருவிழாவில் பூசாரி கொடுத்த எலுமிச்சம்பழத்தை மேலே போட்டார். சரியாக ஏறவில்லை போலிருக்கிறது, மறுபடியும் போட்டார். பின்னால் நின்ற உள்ளூர்க்காரர்கள், இது சிலோன் வழக்கம் போல என்று நினைத்து, வந்தவர்களுக்கு மரியாதையாகத் தாங்களும் போட்டார்கள். சிலோன்காரர்கள், இது இந்த ஊர் வழக்கம் போல என்று நினைத்து, வந்த இடத்தில் பேர் கெடக் கூடாதே என்று அவர்களும் போட்டார்கள். கோயில் வாசலெங்கும் எலுமிச்சம்பழம் பறந்தது. பூசாரி என்னிடம் வந்து, “ஏனுங்க, பழத்துல ஏதாச்சும் கொறைங்களா?” என்று கவலையோடு கேட்டார். அடுத்த வருஷமும் எல்லோரும் போட்டார்கள்.

இத்தனை கூத்துக்கும் அடியில் அவருக்கு ஒரு துக்கம் இருந்தது. மனைவி பாக்கியத்தின் இந்தியக் குடியுரிமை விண்ணப்பம் பிறந்த வீட்டாரோடு சேர்ந்து போனதால், கணவன் ஒரு கப்பலிலும் மனைவி வெகுநாள் கழித்து இன்னொரு கப்பலிலும் வர நேர்ந்தது. கப்பலில் வந்தவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் முகாமில் பாக்கியம் காத்திருந்தார். இங்கே வீடு இருந்தால்தான் அழைத்து வரலாம். தற்காலிக ஆளுக்கு எஸ்டேட்டில் வீடு கிடையாது.

எங்கள் மானேஜருக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஆசை. பக்கத்து எஸ்டேட்டிலிருந்து டபுள்ஸ் கோப்பையைப் பிடுங்கி வர வேண்டும். ஆகாசத்தைத் தன் ஜோடியாகச் சேர்த்துக்கொண்டு, “கோப்பைய வாங்கிக் குடுய்யா, ஃபேக்டரிக்கு மேல காலியா கெடக்கற ஊட்ட உனக்கே தர்றேன்” என்றார்.

ஆகாசம் என்ன செய்தார் தெரியுமா? வீடு கிடைத்துவிட்டது, புறப்பட்டு வா என்று அன்றைக்கே மண்டபத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

“ஜெயிக்கலீன்னா அந்தம்மா எங்கீங்க தங்குவாங்க?” என்று பதறினேன்.

“பந்து சரியாப் போனா சரிதானே” என்றார். சரியாகப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்து எனக்குத்தான் தூக்கம் கெட்டது.

பாக்கியம் வந்து சேர்ந்ததும் ஆட்டத்தன்றுதான். அழைத்து வர ஆகாசம் என்னை அரவேணு பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பினார். தகரப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கியவர் மண்டபத்து வெயிலுக்கு ஏற்ற மெல்லிய சேலையில் இருந்தார். ஸ்வெட்டர் கிடையாது.

“அவரு இப்பவும் மேல பாத்துக்கிட்டுத்தான் நடக்கிறாருங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“அப்ப சொகமாத்தான் இருக்காரு” என்று பெட்டியை என்னிடம் கொடுத்தார்.

நாங்கள் கிளப் வேலியோரம் போய்ச் சேர்ந்தபோது பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் கோப்பை எங்களுக்கு. அதற்குள் மூட்டம் மூடிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும், கோப்பை பக்கத்து எஸ்டேட்டிலேயே இருக்கும் என்பது பேச்சு. சர்வீஸ் ஆகாசத்துடையது. எதிரில் பக்கத்து எஸ்டேட் டாக்டர், வரப்போகும் இடி போன்ற சர்வீஸுக்குப் பயந்து கோட்டுக்கு வெகு பின்னால் நின்றிருந்தார்.

ஆகாசம் பந்தை மேலே போட்டார். அத்தனை நேர்த்தியாக அவர் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அது ஏறிக்கொண்டிருக்கும்போதே வேலியோரச் சேலை அவர் கண்ணில் பட்டுவிட்டது. ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. பந்து தானாக இறங்கி அவர் காலடியில் உருண்டது. மட்டையை வீசவில்லை, அதனால் தப்பில்லை என்று நடுவர் கையசைத்தார்.

“யோவ், பந்தப் பாருய்யா” என்று மானேஜர் கெஞ்சினார்.

பாக்கியம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கினார். ஆகாசம் மறுபடி போட்டார். பந்து தலைக்குப் பின்னால், இடது பக்கமாகப் போயிற்று. அதைவிட மோசமாக யாராலும் போட முடியாது. பிடித்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் பிடிக்கவில்லை. முதுகை வளைத்து எப்படியோ எட்டி அதைத் தட்டிவிட்டார். பந்து நோயாளி மாதிரி மெல்ல எழுந்து, வலையைத் தாண்டி, கட்டத்துக்குள் பொத்தென்று விழுந்தது. ஈர மண்ணிலிருந்து எழும்பவே இல்லை. டாக்டர் ஓடி வந்த வேகத்தில் வலையில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

வீட்டுச் சாவி அப்போதே கைக்கு வந்தது. தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் மேட்டில் ஏறினேன். ஜெயித்தவர் முகமோ இழவுக்குப் போய் வந்தவர் முகம் போல இருந்தது.

“அது பிழையான பந்து. அடிச்சிருக்கவே கூடாது” என்று முணுமுணுத்தார்.

“பொறகு ஏன் அடிச்சீங்க?” என்றார் பாக்கியம்.

“நீ குளிருல நின்னுக்கிட்டு இருந்தியே. இன்னொன்னு போட்டுப் பாத்துக்கிட்டு இருக்க ஏலுமா?”

அவரைக் கேலி செய்யாமல் நான் ஒரு நாளும் விட்டதில்லை. அன்றைக்கு மட்டும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன். இந்த மனிதர் எப்போது காலி செய்வார் என்று நான் தினமும் வேண்டிக்கொண்ட அதே அறைக்குத்தான். உள்ளே போகப் பிடிக்காமல், மேட்டு வீட்டுக் கூரையில் முதல் புகை கிளம்பும்வரை வாசலிலேயே நின்றிருந்தேன்.