கம்ப்யூட்டர் ரூமில் மணல்வாளி

கம்ப்யூட்டர் வெடிக்கும் என்று சத்தியம் செய்து சொன்ன ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் மணல்வாளிதான். இரண்டாயிரங்களில் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் நான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் அங்கே கம்ப்யூட்டர் ரூம் பொறுப்பாளர். அதற்கு முன் பதினைந்து வருஷம் மருந்து கலக்கும் ஷெட்டில் போர்மேன். அங்கே பழகியது எதுவும் அவரை விட்டுப் போகவில்லை.

ரூம் வாசலில் எப்போதும் இரண்டு வாளி மணல்; அதனால்தான் அந்தப் பெயர். செருப்பைக் கழற்றி, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். உரசினால் பொறி பறக்கும் என்று பாலியஸ்டர் சட்டைக்கு அனுமதியே கிடையாது. பிரிண்டர் விற்க மதுரையிலிருந்து வந்த ஒரு பாவப்பட்ட மனிதர், மொத்த விளக்கத்தையும் பனியனோடு நின்று சொல்லிவிட்டுப் போனார்.

தீபாவளி ஆர்டர் குவியும் நேரம் பார்த்து எனக்குக் கை அரித்தது. வெளியூர்க் கடைக்காரர்கள் ஆர்டர் போடும் எங்கள் வெப்சைட்டை, அது எழுதப்பட்ட பிஎச்பி என்ற கம்ப்யூட்டர் மொழியின் புது வெர்ஷனுக்கு மாற்றினேன். மறுநாள் காலை ஒரு கடைக்காரராலும் உள்ளே நுழைய முடியவில்லை. அத்தனை பேருக்கும் ‘பாஸ்வேர்டு தவறு’.

பாஸ்வேர்டை அப்படியே சேமிப்பதில்லை. மாவாக அரைத்துத்தான் வைப்போம். கடைக்காரர் தட்டுவதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று புரோகிராம் பார்க்கும். புது வெர்ஷன் வேறு பதத்தில் அரைத்துத் தொலைத்தது. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. பழைய வெர்ஷனையோ நானே அழித்திருந்தேன். மறுபடி இறக்கலாம் என்றால், எங்கள் இன்டர்நெட் வேகத்துக்குப் பொங்கல் வந்துவிடும். ஆர்டரெல்லாம் வேறு கம்பெனிக்குப் போனால் கூடவே என் வேலையும் போகும்.

“ஏலே, என்னத்துக்கு இப்பிடி முளிக்க?” என்றார் மணல்வாளி.

“பழைய வெர்ஷன் போச்சு அண்ணாச்சி.”

“எங்கன போச்சு? நீ மாத்தப்போறேன்னு சொன்னதுமே பழைய கம்ப்யூட்டர் பெட்டில அம்புட்டையும் ஏத்தி லேபிள் குடோன்ல வச்சுட்டேன். மருந்தை ஒரே ஷெட்டுலயா வைப்பாக? ஒண்ணு தீப்புடிச்சா இன்னொண்ணு மிஞ்சணும்ல.”

பெட்டியைத் தோளில் சுமந்து கொண்டு வந்தார். கடைக்காரர் தட்டும் பாஸ்வேர்டை அந்தப் பழைய பெட்டியில் அரைத்துச் சரிபார்த்து, சரியாக இருந்தால் புதியதில் மறுபடி அரைத்து வைக்கும்படி எழுதினேன். மத்தியானத்துக்குள் ஆர்டர் வர ஆரம்பித்தது.

கூடவே முதலாளியும் வந்தார். “எவம்லே இந்த வேலையைப் பாத்தது?”

நான் வாயைத் திறப்பதற்குள் மணல்வாளி முன்னால் போய் நின்றார். “நாந்தேன் மொதலாளி மாத்தச் சொன்னேன். தம்பி வேண்டாம்னுதான் சொன்னாப்ல.”

அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார். நடுவில் ஒரே ஒரு தடவைதான் குறுக்கிட்டார்: “மொதலாளி, செருப்பு.” முதலாளி செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்து, மிச்சத்தையும் திட்டி முடித்தார்.

“ஏன் அண்ணாச்சி பொய் சொன்னீக?” என்றேன் பிறகு.

“ஷெட்டுல தீப்புடிச்சா மொதல்ல ஆளை வெளிய இளுக்கணும்லே. மத்ததெல்லாம் பொறவு.”

எனக்கு உடன்பிறந்த அண்ணன் கிடையாது. அன்றைக்குப் பிறகு அந்தக் குறை இருந்ததில்லை.