டேப் டிரைவும் மச்சினன் பீரோவும்

இந்தச் சனிக்கிழமை பீரோ தூக்குவதில்லை என்று சபதமே எடுத்திருந்தேன்.

மச்சினன் வீடு மாறுகிறான். இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. போன தடவை அவன் வீடு மாறியபோது வளைந்த என் முதுகு இன்னும் முழுசாக நிமிரவில்லை. வெறுமனே முடியாது என்றால் வீட்டில் எடுபடாது. அதனால் இரண்டு நாளாகவே டேப், டேப் என்று புலம்பி, கம்ப்யூட்டரைத் துணைக்கு இழுத்திருந்தேன்.

"பாப்பா முதன்முதலா நடந்த வீடியோ டேப்புல மட்டும்தாம்மா இருக்கு. டேப் எப்ப வேணா கெட்டுப்போகும். இன்னிக்கே இன்னொரு காப்பி எடுத்தாகணும்."

"அப்ப தம்பி வீட்டுக்கு?"

"நீ போயிட்டு வா. என் மனசு பூரா அங்கேதான் இருக்கும்."

மனைவி சண்டை போடவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். "எப்படி எடுக்கறீங்கன்னு பார்த்துட்டுப் போறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். லினக்ஸ் எழுந்தது. டேப்பைப் படிக்கிற டேப் டிரைவ் பெட்டியில் பச்சை விளக்கு ஜோராக எரிந்தது. ஆனால் இணைத்திருக்கும் சாமான்களைக் காட்டு என்றால், ஹார்ட் டிஸ்க் வருகிறது, சிடி டிரைவ் வருகிறது, டேப் டிரைவைக் காணோம். அப்படி ஒருவரைத் தெரியவே தெரியாது என்கிறது கம்ப்யூட்டர்.

சாக்குக்குச் சொன்னது நிஜமாகிவிட்டதே! இடம் போதவில்லை என்று ஹார்ட் டிஸ்கிலிருந்த வீடியோவை அழித்த மகானுபாவன் நானேதான்.

"விளக்கு எரியுதே, அப்புறம் ஏன் தெரியலை?"

"விளக்குக்குக் கரண்டு போதும். பேச்சு கேபிள் வழியாத்தான் வரணும்."

"கேபிள் லூஸோ?"

பிடுங்கிச் சொருகினேன். ஊஹும்.

"டிரைவர்னு ஏதோ ஏத்துவீங்களே?"

ஏற்றினேன். ஓட்டுநர் சமர்த்தாக ஏறி உட்கார்ந்தார். வண்டியைத்தான் காணோம்.

"கேபிளைச் சொருகற கார்டுக்கும் டிரைவுக்கும் ஒரே நம்பர் இருந்தா சண்டை வரும்னீங்களே?"

பார்த்தேன். தனித்தனி நம்பர்தான். இவளுக்கு இவ்வளவு ஞாபகமா! எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மறுபடி அணைத்துப் போட்டு, லினக்ஸ் எழும்போது கொட்டும் செய்திகளை இருவரும் வரி வரியாகப் படித்தோம். டேப்பைப் பற்றி மூச்சுப் பேச்சே இல்லை.

"ஏங்க, பின்னால ஒயரே இல்லாம ஒரு மூடி இருக்குமே?"

பெட்டியைத் திருப்பினேன். மூடி இருந்த இடம் ஆவென்று வாயைப் பிளந்திருந்தது.

அடடா! கேபிளின் கடைசியில் அந்த மூடி இல்லாவிட்டால் போன சிக்னல் எதிரொலித்துத் திரும்பி வந்து எல்லாம் குழம்பிவிடும். போன மாதம் சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் இதைத்தான் அவளுக்கு விளக்கினேன். "இதை மட்டும் கழட்டினா போதும், டேப் அம்பேல்!" என்று மார்தட்டியது வேறு.

"அது எங்கே போச்சும்மா?"

"பத்திரமா இருக்குங்க. நேத்து தம்பி வீட்டுக்குப் போனப்ப எடுத்துட்டுப் போனேன்."

"அங்கே எங்கே?"

"பீரோவுக்குள்ள. புது வீட்டுல கொண்டுபோய் வெச்சதும் தம்பி திறந்து தருவான்."

சட்டையை மாட்டிக்கொண்டே, புது வீடு எத்தனாவது மாடி என்று கேட்டேன்.

"அஞ்சாவதுங்க."