நாற்பதுக்கு முப்பத்தெட்டு

ஏழாங்கட்டைத் தோட்டம், ஈப்போ
12.7.1984, வியாழன் இரவு

அன்புள்ள நவமணி அக்காவுக்கு,

முதலில் சத்தியம் செய். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. கமுந்திங் ஃபேக்டரியில் உன்னோடு தங்கியிருக்கும் பெண்கள் கேட்டால், தங்கச்சிக்குச் சளி என்று சொல். வீட்டில் எல்லோரும் சுகம். நான் மட்டும் சுகமா என்று தெரியவில்லை. அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

போன மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து மிஸ் லிம் என்பவர் எங்கள் ஆறாம் படிவத்துக்கு வந்தார். வயது வந்த மாணவர்களில் யார் யார் விசித்திரமாக நினைக்கிறார்கள் என்று அளக்கிறாராம். மலாயில் நாற்பது கேள்விகள். "சரி, தவறு கிடையாது, உண்மையை எழுதுங்கள்" என்றார். நானும் எழுதினேன். கண்ணுக்குத் தெரியாத ஒருவர் உன்னைக் கவனிக்கிறாரா? ஆம். இல்லையென்றால் முனியாண்டிக்கு எதற்குச் சுருட்டு வைக்கிறோம்? பிறர் பார்வையால் உனக்குக் கெடுதல் வருமா? ஆம், வெள்ளிதோறும் அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிறார். சாதாரணச் சத்தத்தில் உனக்கென்று செய்தி இருக்குமா? ஆம், பல்லி. ஆளில்லாமல் உன் பெயரைக் கூப்பிடும் குரல் கேட்டதுண்டா? லயத்து வரிசை வீடுகளில் யாருக்குத்தான் கேட்டதில்லை? அதனால்தானே இருட்டிய பிறகு, பேய் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது என்று, மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் கதவைத் திறக்கிறோம். முப்பத்தெட்டு ஆம். தனியாக இருக்கப் பிடிக்குமா என்பதற்கு மட்டும் பதில் தெரியவில்லை. இரண்டு அறையில் எட்டுப் பேர், இருந்து பார்த்தால்தானே தெரியும். நெருங்கிய தோழி யாரும் இல்லையா என்பதற்கு, இல்லை, செல்லாயி இருக்கிறாள் என்று எழுதினேன். அவள் பின்னாலிருந்து என் தாளைப் பார்த்தே எழுதியவள். அவளுக்கு முப்பத்தேழு. ஒன்றைத் தவறவிட்டேனே என்று அழுகிறாள்.

இன்று பள்ளியிலிருந்து அப்பாவுக்குக் கடிதம் வந்தது. வழக்கம்போல நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். "மங்களத்துக்கு எல்லாரையும் விட அதிக மார்க், திங்கட்கிழமை உங்களை வரச் சொல்றாங்க" என்றேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மனநல ஆலோசகரிடம் காட்ட வேண்டும் என்ற ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். அப்பா துள்ளிக் குதித்தார். "யாரு மக லா! அந்த வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போடு புள்ள!" என்று அம்மாவிடம் கத்திவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகத் தோட்ட ஆபீஸ் கிராணியார் கார்த்திகேசு வீட்டுக்குப் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன்.

"கிராணியாரே, ஞாயித்துக்கெழமை கோயில்ல எல்லாரு முன்னாடியும் நீங்க பள்ளிக்கூடத்துக் கடுதாசிய படிக்கணும். மலாய்லயும் படிங்க, தமிழ்லயும் சொல்லுங்க."

"ஓம் ராமையா, கட்டாயம் வாசிக்கிறன். ஆனா முன்னமே ஒருக்கா நான் பாக்க வேணும்."

திங்கட்கிழமையை நினைத்து எனக்குப் பயமில்லை, மிஸ் லிமும் ஆலோசகரும் மலாயில் பேசுவதை அப்பாவுக்கு நான்தானே மொழிபெயர்ப்பேன். கிராணியார்தான் பயம். ஒரு வரியையும் விடமாட்டார். கோயிலில் அதைப் படித்தால் அன்றைக்கே என் பெயர், அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஊரையும் சேர்த்து, தஞ்சோங் ரம்புத்தான் மங்களம். "பள்ளிக்கூடத்துல உன்னயப் பத்தி ஒரு பேச்சு வந்தா மறுநாளே ரப்பர் பால் வாளியத் தூக்கிருவ" என்று அப்பா சொன்னது உனக்கும் நினைவிருக்கும். அடுத்த வருடப் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை அதோடு போயிற்று. ஆகவே அந்தக் கடிதத்தை இதனுடன் அனுப்புகிறேன். உன் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டு. இங்கே, கிராணியாரின் ஆடு தின்றுவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். அது வேலியில் காய்ந்த அவருடைய காற்சட்டையையே தின்ற ஆடு, நம்புவார்கள்.

உனக்கு நைட் ஷிப்டில் தூக்கம் வராமலும், சூப்பர்வைசருக்கு வந்துகொண்டும் இருக்க முனியாண்டி அருளட்டும்.

உன் தங்கை,
மங்களம்

பி.கு.: அக்கா, நான் விஞ்ஞானம் படிப்பவள். இவற்றில் எதையும் நம்புவதில்லை. இப்படி எழுதி முடித்ததும் பல்லி கத்தியது, அதனால் இது உண்மைதான். கிழக்குச் சுவரில் கத்தியது, எல்லாம் நல்லபடியாக முடியும். ஆகவே பள்ளிக் கடிதத்தை உனக்கு அனுப்பவில்லை, உறையிலிருந்து எடுத்துவிட்டேன். கையில்தான் இருக்கிறது. அப்பாவின் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிடுகி

கதவைத் தட்டுகிறார்கள். "மங்களம், அந்தக் கடுதாசிய எடுத்துட்டு வா, கிராணியாரு வந்திருக்காரு" என்று அப்பா குரல். ஒரு தடவைதான் கூப்பிட்டிருக்கிறார். கிராணியாரின் இருமல் மாதிரியும் கேட்கிறது. இரண்டாவது தடவை. அக்கா, இன்னும் ஒரு தடவை இருக்